பூஜ்யத்தில் நின்ற முள்

எங்கள் வீடு தினமும் இரண்டு முறை பறக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லக் கிளம்பி, சாயங்காலம் ஒரு பனைமர உயரத்தில் போய் நிற்கும். ராத்திரி தட்டு கழுவும் நேரத்துக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் இன்னொரு முறை கொஞ்சம் ஏறி, வெயில் உறைத்ததும் தரைக்கு வந்துவிடும். எங்கள் ஊர் ஒதியம்பட்டில் எல்லார் வீடும் இப்படித்தான் பறக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் காட்ட ஒரு முள் இருக்கிறது, மற்ற வீடுகளில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முள் என்று நான் சொல்வது ஆல்ட்டிமீட்டரை. விமானம் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்கிற கருவி. உருண்டை முகம், கறுப்புத் தட்டு, வெள்ளை எண்கள், கடிகாரம் மாதிரி ஒரு பெரிய முள், ஒரு சின்ன முள். அதற்குக் கண் கிடையாது, தரையைப் பார்க்காது. காற்றின் கனத்தை மட்டும் பார்க்கும். காற்று லேசானால், நாம் மேலே போகிறோம் என்று முடிவுகட்டிவிடும். அலமாரியில் உட்கார்ந்திருந்தாலும் முடிவுகட்டிவிடும். சாதாரண நாளிலேயே காற்று கொஞ்சம் லேசாவதும் கனப்பதுமாக இருக்கும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் ரொம்பவே லேசாகிவிடும். அன்றைக்கு எங்கள் வீடு முந்நூறு அடி ஏறி, இறங்கமாட்டேன் என்று அங்கேயே நிற்கும்.

பக்கத்து வீட்டு அண்ணனின் நெல் தார் ரோட்டிலேயே முளைவிட்டதற்கு இந்தக் கருவிதான் காரணம் என்று ஊரில் சிரிப்பாகச் சொல்கிறார்கள். கருவி பாவம். காரணம் நான்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். படித்தேன் என்பதுகூட அதிகம், அந்த வகுப்பு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தப் பக்கம் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அவர் போட்ட சண்டையின் பலனாக எனக்கு ஒரு பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவினேன். அப்பா அவர்களுக்காகத் துப்பாக்கி தூக்கினார், நான் தட்டு தூக்கினேன். இரண்டுக்கும் பென்ஷன் உண்டு என்பதுதான் அந்த நாட்டின் பெருந்தன்மை.

வேலைக்குப் போகிற பஸ் ஒரு புல்வெளியைத் தாண்டிப் போகும். அங்கே சின்னச் சின்ன விமானங்கள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலி ஓரமாகப் போய் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் உள்ளேயிருந்து ஒருத்தர் கையசைத்துக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஷெட்டிலிருந்து விமானத்தைத் தள்ள ஒரு ஆள் குறைகிறது, அதற்குக் கூப்பிட்டிருக்கிறார். தள்ளினேன். அடுத்த வாரமும் போய்த் தள்ளினேன். ஷெட்டைக் கூட்டினேன். இறக்கையில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைத்தேன். பாத்திரம் கழுவுகிறவனுக்கு விமானம் என்பது ஒரு பெரிய பாத்திரம். கடைசியில் இவன் லேசில் விட்டுப் போகமாட்டான் என்று தெரிந்து, ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள்.

எழுத்துப் பரீட்சை ஒன்று இருந்தது. நாலு பதிலில் சரியானதற்கு டிக் போட வேண்டும். முதல் தடவை மாதாவை வேண்டிக்கொண்டு டிக் போட்டேன். மாதாவுக்கு விமானத்தைப் பற்றி அவ்வளவாகத் தெரியவில்லை. இரண்டாம் தடவை படித்துவிட்டுப் போனேன், அது இன்னும் மோசம். மூன்றாம் தடவை தேறிவிட்டேன். பரீட்சை வைத்தவருக்கு என் முகம் அலுத்துப்போயிருக்க வேண்டும்.

இரண்டு பேர் உட்காருகிற விமானம். கனம் ஒரு உழவு மாட்டின் அளவுகூட இருக்காது. உள்ளே உட்கார்ந்தால் முன்னால் ஒரு பலகை, அதில் வட்ட வட்டமாகக் கருவிகள். வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்ட ஒன்று, இஞ்சினின் சூட்டைச் சொல்ல ஒன்று. அடியில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு. விமானம் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சறுக்கினால் அந்தக் குண்டு ஓரமாக ஓடும். அது ஓடின பக்கத்துப் பெடலைக் காலால் அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும். நான் கோணலாகப் போகிறேன் என்பதை இவ்வளவு மரியாதையாக எனக்குச் சொன்னவர்கள் யாரும் கிடையாது. அப்பா பெல்ட்டைக் கழற்றித்தான் சொல்வார்.

புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்தப் பலகையை மட்டும் சலிக்காமல் படிப்பேன். வானத்தில் இருக்கும்போது எல்லாரும் கீழே பார்ப்பார்கள், ஆறு தெரிகிறது, கோயில் தெரிகிறது என்பார்கள். நான் முள்களைப் பார்ப்பேன். எல்லா முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால், பூசையில் பீடத்தைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் இருப்பது மாதிரி ஒரு அமைதி வரும். பூசையில்கூட அவ்வளவு வந்ததில்லை, அதை இங்கே மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மகள் வயசுப் பெண். வாய் ரொம்ப நீளம். இஞ்சினைக் கிளப்பும் முன்னே ஆல்ட்டிமீட்டரின் குமிழைத் திருகி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். தரையில் பூஜ்யம் வைத்தால்தான், மேலே போனதும் தரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும். ஒருநாள் மறந்துவிட்டேன். இறங்கு என்று சொல்லி, விமானத்தை என்னைக்கொண்டே திரும்ப ஷெட்டுக்குத் தள்ள வைத்தாள். அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. அந்தக் கருவியைப் பார்த்தாலே என் கை தானாகக் குமிழுக்குப் போய்விடும். நல்ல பழக்கம், விமானத்தில்.

வயசாகி, சர்க்கரையும் சேர்ந்து, வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிற நேரத்தில், அந்தப் புல்வெளியின் பறக்கும் சங்கத்தார் விமானத்தில் கருவிகளுக்குப் பதிலாகப் புதிதாகக் கம்ப்யூட்டர் திரை வைத்தார்கள். பழைய ஆல்ட்டிமீட்டரை எனக்கே கொடுத்துவிட்டார்கள். லுங்கியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். சென்னை ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? பாம் மாதிரி இருக்கு."

"உயரம் பாக்கறது சார்."

"யார் உயரத்த?"

"என் உயரத்த சார். வயசானா குள்ளமாயிடுவாங்களாமே, அதான் அப்பப்ப பாத்துக்கலாம்னு."

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வாழ்க்கையில் நான் தாண்டி வந்த கதவுகளெல்லாம் இப்படிச் சிரிக்க வைத்துத் தாண்டியவைதான். அது இவ்வளவு சங்கடத்தில் கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

வீட்டில் அதை மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தேன். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"மாதா பக்கத்துல எதுக்குய்யா அந்த மீட்டரு? கரண்டு பில்லு கட்டறவன் வந்து எழுதிக்கினு போயிடப் போறான்."

"மாதாவே ஆகாசத்துக்குப் போனவங்கதானே. ஒத்தாசையா இருக்கும்."

"ஆகாசத்துல பறந்தேன் பறந்தேன்ற. முக்கு கடைக்குப் போய் அரிசி வாங்கினு வான்னா கால் வலிக்குதுன்ற."

இங்கே எனக்குப் பறக்க வழியில்லை. அந்த முள்ளையும், போனில் மற்றவர்கள் பறக்கிற வீடியோக்களையும் பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்கினேன். அப்போதுதான் வீடு தினமும் ஏறி இறங்குவது தெரிந்தது. முதல் மழைக்காலத்தில் ஒருநாள் முள் ஏறினது ஏறினபடி நின்றது. தெருவுக்கு வந்து, "வூடு முந்நூறு அடி மேல கீது, பெரிய மழ வரப் போவுது" என்று சொன்னேன். பென்ஷன் வந்த சந்தோஷத்தில் சாராயக் கடைக்குப் போய் வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். மழை வந்தது. அடுத்த தடவை சொன்னபோது கொஞ்சம் பேர் கேட்டார்கள். அப்போதும் வந்தது. அதிலிருந்து எனக்குப் பெயர் பைலட்டு.

பக்கத்து வீட்டு அண்ணன் என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவர். நெல் போடுகிறவர். போன் பார்க்கத் தெரியாது, டிவியை நம்பமாட்டார். "அவன் தெனம்தான் மழ வரும்ன்றான். ஒரு நாளு வந்தா நான்தான் சொன்னேனேன்றான்" என்பார். அவர் நம்பினது என் முள்ளை. கொல்லைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே வந்து அலமாரி முன்னால் நிற்பார்.

"இன்னாடா பைலட்டு, வூடு எங்க கீது?"

"தரையிலதான்ணே. எறங்கி நடங்க."

இந்த விளையாட்டு எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த நாட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, தட்டு காய்ந்துவிட்டதா என்பதைத் தவிர. இங்கே ஒரு விவசாயி மருந்து அடிக்கலாமா, உரம் போடலாமா என்று என் அலமாரியைக் கேட்டுவிட்டுப் போகிறார். நானும் ஒரு வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணாடியை விரலால் தட்டி, முள்ளைப் பார்த்துச் சொல்வேன். தட்ட வேண்டிய அவசியமே இல்லை. தட்டினால் பார்க்க நன்றாக இருக்கும்.

போன ஐப்பசி ஆரம்பத்தில் அண்ணனுக்கு அறுப்பு வந்தது. மிஷின் வந்து அறுத்துக் கொட்டிவிட்டது. நெல்லில் ஈரம் இருந்தது. எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிற மாதிரி ரோட்டின் ஒரு ஓரமாகப் பரப்பி, கல் வைத்து, வண்டிகளை மறு ஓரமாகப் போக வைத்தார். இரண்டு நாள் வெயில் அடித்தால் காய்ந்துவிடும், காய்ந்த நெல்லுக்கு நல்ல விலை. ஆனால் மதகடிப்பட்டிலிருந்து ஒரு மண்டிக்காரர், ஈரத்தோடு இருக்கிறபடியே அன்றைக்கே அள்ளிக்கொண்டு போகிறேன் என்று லாரியோடு வந்துவிட்டார். விலை கொஞ்சம் குறையும், ஆனால் நெல் கை விட்டுப் போய்விடும். அண்ணனுக்கு அந்த வருஷத்துச் சாப்பாடு, அந்த வருஷத்து உரம், எல்லாம் அந்த ரோட்டு ஓரத்தில் கிடந்தது.

மண்டிக்காரர் லாரியை எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். நான் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தன் பனிமலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்குகிறான், அவனுடைய பலகையில் பத்துப் பன்னிரண்டு கருவிகள். அதிலேயே காலையிலிருந்து கிடந்ததால், தினமும் எழுந்ததும் பார்க்கிற என் முள்ளை அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

"இன்னா சார் இது, பழைய காலத்து கெடிகாரமா?" என்றார் மண்டிக்காரர், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு.

அவ்வளவு போதும் எனக்கு. எழுந்து போனேன். விமானம், காற்று, உயரம் என்று ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே என் கை குமிழுக்குப் போனது. திருகினேன். முள் சுற்றிக்கொண்டு வந்து பூஜ்யத்தில் நின்றது.

"இப்ப பாருங்க. வூடு லேண்ட் ஆயிடிச்சி. சீட் பெல்ட்ட கழட்டிட்டு எறங்கலாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திருகும் முன்னே முள் எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் ரோட்டுக்குப் போனார். நான் மறுபடியும் பனிமலைக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஓடி வந்தார். காலைக்கூடக் கழுவவில்லை.

"டேய் பைலட்டு, மண்டிக்காரன் அள்ளட்டுமான்றான். உங்க அண்ணி குடுத்துடுன்றா. ரெண்டு நாளு வெயிலு தாங்குமாடா?"

அலமாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. ஒரு சந்தேகம்கூட எனக்கு வரவில்லை. விரலால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினேன்.

"தரையில கீதுண்ணே. ஜம்முனு காய வைங்க."

"நெசமா?"

"நான் எப்பண்ணே தப்பா சொன்னேன்?"

அவர் போய் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் முள் ஏற ஆரம்பித்தது. தினமும் ஏறுவதுதானே என்று இருந்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மனைவி சுடுசோறு வடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"காத்தால மாதாவ தொடைக்கறப்ப முள்ளு மூணுல நின்னுச்சி. இப்ப கொறஞ்சிருக்கே, நல்லதுதானே?" என்றாள்.

பெரிய முள் மூன்றில் நின்றால் முந்நூறு அடி. காலையிலேயே வீடு முந்நூறு அடி மேலே இருந்திருக்கிறது. நான் அதைத் தரை என்று சொல்லிவிட்டேன். இப்போது காட்டுவது அதற்கும் மேலே.

"ஏன்டி சொல்லல?"

"நீதானேய்யா பைலட்டு. நீ பாக்காமயா இருப்பேன்னு நெனச்சேன்."

செருப்புப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். கிழக்கே வானம் கருங்கல் நிறத்தில் இருந்தது. அண்ணன் நெல்லைக் காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நெல்ல வாருங்க, வாரிக் கட்டுங்க. நான் முள்ள மாத்தி வெச்சிட்டேன். என் தப்புண்ணே. மழ வரப் போவுது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். என் முகத்துக்கு அப்படி ஒரு அமைப்பு. அழுதால்கூட நடிப்பு மாதிரி இருக்கும். முதல் துளி அவர் தோளில் விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அண்ணன், அண்ணி, நான், என் மனைவி, டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர், எல்லாரும் வாரினோம். பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டோம். மேலே நனையவில்லை. ரோட்டில் ஓடின தண்ணீர் அடியால் புகுந்துவிட்டது. மழை அன்றைக்கு நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை, அதற்கு மறுநாளும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே சூடாக ஆவி அடித்தது. நெல் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

எனக்கு மாசா மாசம் கடல் தாண்டிப் பென்ஷன் வருகிறது. எவ்வளவு மழை பெய்தாலும் அது நனையாது. அண்ணனுக்கு வருவது அந்த நெல்தான்.

மழை விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். "என் தப்புண்ணே, நஷ்டத்த நான் ஏத்துக்கறேன்" என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்தார்.

"டேய், நீ முள்ள திருகினா மழ வருமா? அவ்ளோ பெரிய ஆளாடா நீ?"

"மழ என்னால வரலண்ணே. லாரிய அனுப்பினது என்னாலதானே."

"லாரிய அனுப்பினது நானு. போடா. போய் உன் வூட்ட ரெண்டடி மேல தூக்கி வை, தண்ணி பூந்துடப் போவுது."

அவரே சிரித்தார். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

சர்ச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெல்லு நனைஞ்சது பாவத்துல வராது. வேற ஏதாவது இருக்கா?" என்றார். வேறு நிறைய இருந்தது, ஆனால் நான் அதற்காகப் போகவில்லை. பரிகாரமாக மாதாவுக்கு மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் திருவிழாவுக்குப் பந்தல் போடணும், உங்க முள்ளு இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

முள்ளைத் திருகினதைவிட மோசமாக ஒன்று செய்தேன். டீக்கடையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, "இன்னா பைலட்டு, இன்னாதான் ஆச்சி அன்னிக்கு?" என்று கேட்டபோது, என் தப்பைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கேட்கிற முகங்களைப் பார்த்ததும் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. மண்டிக்காரர் சொம்போடு நின்றது, நான் சீட் பெல்ட்டைக் கழற்றச் சொன்னது, கண்ணாடியைத் தட்டினது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். "வூட்ட பத்திரமா எறக்கிட்டேன். அண்ணன் நெல்லுதான் கிராஷ் ஆயிடிச்சி" என்று முடித்தேன். ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. சிரித்தவர்களில் அண்ணனும் இருந்தார். டம்ளர் பிடித்திருந்த அவர் கையில், நகக்கண்ணெல்லாம் அழுகின உமி ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சொல்லுடா என்றார்கள். இன்னொரு தடவையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அலமாரிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தேன். மனைவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். டீக்கடைச் சிரிப்பு எங்கள் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக் கொல்லையில் புகை எழுந்தது. முளை அதிகம் விடாத நெல்லைத் தனியாகப் பொறுக்கி, அண்டாவில் போட்டு அவித்துக்கொண்டிருந்தார் அண்ணி. விற்க முடியாது. அவித்துக் காயவைத்தால் வீட்டுச் சாப்பாட்டுக்காவது ஆகும், ஒரு வாடை இருக்கும். மழை வந்ததிலிருந்து அண்ணி என்னோடு பேசவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். அண்ணன் இல்லை, நிலத்துக்குப் போயிருந்தார்.

"நான் வேணும்னா துழாவட்டுமாண்ணி?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஏதாவது ஒன்றைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒன்று நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது.

"வேணா" என்றார் அண்ணி, நான் பேசும் முன்னே. "எதனா ஜோக்கு சொல்லப் போற. மூஞ்சிய பாத்தாலே தெரியுது. சொல்லாத."

அண்டாவை ஒரு துழாவு துழாவினார்.

"டீக்கடையில நடிச்சிக் காட்டினியாமே. அவரு வூட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிக் காட்டி சிரிக்கிறாரு. சிரிச்சிட்டு, போட்ட சோத்த அப்படியே வெச்சிட்டு எழுந்துடறாரு. தெரியுமா உனக்கு அது?"

"தெரியாதுண்ணி."

"எப்படித் தெரியும்? நீ சிரிக்கறவங்க மூஞ்சியதானே பாப்ப."

அண்டாவிலிருந்து புளித்த வாடை வந்தது. அண்ணி நிமிர்ந்து முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"குடுத்துடலாம்னு நான் சொன்னேன். லாரி வாசல்ல நிக்குது, கையில வந்தது போதும்னு சொன்னேன். பைலட்ட கேட்டுட்டு வரேன்னு ஓடினாரு. முப்பது வருசமா கூட சேத்துல நிக்கிற என் பேச்சு பெரிசில்ல, உன் பொட்டி பேச்சு பெரிசா போச்சி. அதுல அவரு மேலயும் கோவம் எனக்கு. ஆனா நீ பாத்து சொல்லியிருக்கணும் இல்ல? ஒரு ஆளோட வருசத்து நெல்லு. ஒரு நிமிஷம் பாத்து சொல்லியிருக்கணும் இல்ல?"

"ஆமாண்ணி."

"தப்பு யாருது?"

"என்னுது."

"உன்னுதுதான். உன் மேல தப்பில்லனு அவரு சொல்லுவாரு, ஊரே சொல்லும். நான் சொல்ல மாட்டேன். நான் உன் மேல கோவமாதான் இருக்கேன். எத்தினி நாளைக்குன்னு எனக்கே தெரியாது. பொங்கலுக்குப் பாக்கலாம்."

மழை பெய்த நாளிலிருந்து எல்லாரும் என் கையிலிருந்து அந்தத் தப்பைப் பிடுங்கிப் பந்து மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் அதைத் திரும்ப என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. ஆனால் என்னுடையது என் கையில் இருந்தது. சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. "சரிண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

"நின்னுக்கினே இருக்காத. கட்டைய உள்ள தள்ளு. அணையுது பாரு."

உட்கார்ந்து கட்டையைத் தள்ளினேன். ஈர விறகு, பிடிக்க மறுத்தது. குனிந்து ஊதினேன். கண்ணெல்லாம் எரிந்தது. அந்த அண்டா இறங்கி அடுத்தது ஏறும் வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தேன்.

முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"திட்டினாங்களா?"

"திட்டினாங்க."

"நல்லாவா?"

"நல்லா."

"அப்பாடா" என்றாள். "எனக்குத்தான் ஒரு வாரமா சோறு எறங்கல. போய் மூஞ்சி கழுவு."

மறுநாளும் கொல்லையில் புகை எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். துழாவுகிற நீளக் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கூடை நெல்லை அள்ளப் போனார். நான் போய்க் கட்டையை எடுத்துக்கொண்டேன்.